இகழ்ச்சிக்குள்ளான எழுத்தாளரின் வாரிசுகள்: அவர்கள் எதற்குப் பொறுப்பு?

மைக்கூடு:

எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டுக்கு, ஓரினச்சேர்க்கைக் குற்றச்சாட்டில், 1895ஆம் ஆண்டு மே மாதம் இரண்டாண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டபோது மூத்த மகன் சிரிலுக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை. இளையவன் விவியனுக்கு எட்டு வயது. அதற்கு முந்தைய மாதமே லண்டன் டைட் தெருவிலிருந்த அவர்களுடைய வீட்டுப் பொருட்கள் எல்லாம், பிள்ளைகளின் பொம்மைகள் உட்பட, கடன்காரர்களுக்காக ஏலம் போய்விட்டன. தாய் கான்ஸ்டன்ஸ் இருவரையும் வெளிநாட்டுக்கு அனுப்பி, பின்னர் தானும் போய்ச் சேர்ந்து, ஹாலண்ட் என்ற வேறொரு குடும்பப் பெயரை அவர்களுக்குச் சூட்டினார். ஜெர்மனியில் ஒரு பள்ளியில் சேர்ந்த பிறகு, தங்கள் கிரிக்கெட் உடைகளில் பழைய பெயர் பொறித்த நாடாக்கள் இன்னும் தைத்தபடியே இருப்பதை அந்தச் சிறுவர்கள் கண்டார்கள். யாரும் பார்ப்பதற்குள் அண்ணன் பேனாக்கத்தியை எடுத்து அவற்றை வெறிபிடித்தவனைப் போல அறுத்தெறிந்த காட்சியை, விவியன் 1954இல் வெளியிட்ட தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார்.

அந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு தந்தையைப் பார்க்கவே இல்லை. கான்ஸ்டன்ஸ் 1898இலும் வைல்ட் 1900இலும் இறந்தார்கள். சிரில் ராணுவத்தில் சேர்ந்தார். குடும்பத்தின் மேல் படிந்த கறையைத் தன் ஒழுக்கத்தாலும் ஆண்மையாலும் துடைத்தாக வேண்டும் என்பதையே வாழ்க்கையின் நோக்கமாகக் கொண்டிருந்ததாகத் தம்பிக்குக் கடிதம் எழுதினார். 1915 மே மாதத்தில் பிரான்சில் போர்முனையில் சுடப்பட்டு இறந்தார். தந்தையின் தண்டனை இரண்டாண்டில் முடிந்தது. மகனுடைய தண்டனை அவர் சாகும்வரை முடியவில்லை.

நாம் ஓர் எழுத்தாளரின் மரணத்துக்குப் பிந்தைய புகழைப் பற்றிப் பேசும்போது, அவரை மீண்டும் வாசிக்கலாமா, பாடத்தில் வைக்கலாமா, சிலை வைக்கலாமா என்றே வாதாடுகிறோம். அந்த வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அதே பெயரைச் சுமந்துகொண்டு பள்ளிக்கும் வேலைக்கும் போய்வருகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பது யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இவர்களைப் பொறுத்தவரை வெறும் பழமொழி அன்று.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்தாளர் செய்ததற்கு வாரிசுகள் பொறுப்பாளிகள் அல்லர். அதற்காக அவர்களிடம் விளக்கம் கேட்பதே தவறு. ஆனால் கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் பதிப்புரிமையும் அவர்கள் கையில் இருக்கின்றனவே, அவற்றை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு அவர்கள் கட்டாயம் பொறுப்பாளிகள். இந்த இரண்டையும் நாம் ஓயாமல் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

நெடுவழி:

நீங்கள் தொடங்கியிருக்கும் எடுத்துக்காட்டு நெஞ்சைத் தொடுகிறது, ஆனால் அது எளிமையான எடுத்துக்காட்டு. வைல்டைத் தண்டித்த சட்டமே அநீதியானது என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 2017இல் பிரிட்டன் அத்தகைய தண்டனை பெற்று இறந்தவர்களுக்கு மன்னிப்பும் அளித்துவிட்டது. அவருடைய பிள்ளைகள் பட்ட துன்பம் முழுவதும் சமூகம் செய்த குற்றம் என்று சொல்லி நாம் நிம்மதியாக இருந்துவிடலாம். எழுத்தாளர் உண்மையிலேயே குற்றம் புரிந்திருந்தால் என்ன செய்வது என்பதுதான் கடினமான கேள்வி.

நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சனை எடுத்துக்கொள்ளுங்கள். க.நா.சு. மொழிபெயர்ப்பில் ‘நிலவளம்’ படித்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1920இல் நோபல் பரிசு பெற்றவர், தன் நாடு ஜெர்மனியின் பிடியில் கிடந்த 1943இல் அந்தப் பதக்கத்தைக் கோயபல்ஸுக்குப் பரிசாக அனுப்பினார். ஹிட்லர் இறந்த பிறகு, யாருக்கும் எந்த அச்சமும் இல்லாத நிலையில், 1945 மே 7ஆம் தேதி ஒரு நாளிதழில் அவரைப் புகழ்ந்து இரங்கலுரை எழுதினார். இதை முதுமையின் தடுமாற்றம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவருடைய மன ஆற்றல் நிரந்தரமாக நலிந்துவிட்டது என்று மருத்துவர்கள் சான்று கொடுத்தார்கள். அவரோ தொண்ணூறு வயதில், 1949இல், அந்தச் சான்றைப் பொய்யாக்கும் தெளிவோடு ஒரு நூலை எழுதி வெளியிட்டார். நீதிமன்றம் முதலில் 4,25,000 குரோனர் அபராதம் விதித்தது. 1948இல் உச்ச நீதிமன்றம் அதை 3,25,000 ஆகக் குறைத்தது. அந்தக் குடும்பத்தைக் கிட்டத்தட்ட ஓட்டாண்டியாக்கிய தொகை அது.

இங்கே குடும்பம் வெறும் பார்வையாளராக இருக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. மனைவி மாரீ ஹாம்சன் ஜெர்மனி முழுவதும் சென்று கணவருடைய கதைகளை வாசித்துக் காட்டியவர். அவருக்கு மூன்றாண்டுக் கடுங்காவல் கிடைத்தது. மகன் அரில்ட் ஜெர்மானிய எஸ்எஸ் படையில் சேர்ந்து கிழக்குப் போர்முனைக்குப் போனவர். ஆகவே ‘வாரிசுகள்’ என்று எல்லோரையும் ஒரே சொல்லில் கட்டிவிட முடியாது. வீட்டுக்குள் உடனிருந்து ஊக்கம் கொடுத்தவர்கள் ஒரு வகையினர்; எல்லாம் முடிந்த பிறகு பிறந்து பெயரை மட்டும் பெற்றுக்கொண்ட பேரக்குழந்தைகள் முற்றிலும் வேறு. இரண்டாம் வகையினருக்கு நீங்கள் சொல்லும் விலக்கு முழுமையாகப் பொருந்தும். முதல் வகையினருக்கு அது பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணவரைச் சோதித்த மருத்துவரிடம் மாரீ தங்கள் மணவாழ்க்கையைப் பற்றி மனம்விட்டுப் பேசினார். அந்தச் செய்தி கணவரின் காதுக்குப் போயிற்று. அதன் பிறகு 1950 வரை அந்த முதியவர் மனைவியின் முகத்தைப் பார்க்க மறுத்துவிட்டார். பொதுவெளியின் இகழ்ச்சி ஒரு வீட்டுக்குள் நுழையும்போது அது அரசியலாக நுழைவதில்லை. யார் யாரிடம் எதைச் சொன்னார்கள் என்ற மனக்கசப்பாகவே நுழைகிறது.

கார்முகில்:

அரசு சுமத்தும் இகழ்ச்சியையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன். 1958இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டதற்காகப் பாஸ்டர்நாக் சோவியத் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். பரிசையும் மறுக்க நேர்ந்தது. 1960இல் அவர் இறந்த சில மாதங்களுக்குள் அவருடைய துணைவி ஓல்கா இவின்ஸ்கயாவையும், ஓல்காவின் மகளையும் கைது செய்து தண்டித்தார்கள். இறந்தவரைத் தண்டிக்க முடியாதபோது அவரோடு நெருங்கியிருந்தவர்களைத் தண்டிப்பது அதிகாரத்தின் பழைய வழக்கம். பதக்கத்தை அவருடைய மகன் 1989இல்தான் ஸ்டாக்ஹோமில் பெற்றுக்கொண்டார். இந்தக் குடும்பத்துக்கும் ஹாம்சன் குடும்பத்துக்கும் பொதுவாக இருப்பது பழிச்சொல் மட்டுமே. அதன் நியாயம் நேர்எதிரானது. ஆனால் அந்த வீட்டில் வளரும் குழந்தைக்கு அந்த வேறுபாடு புரிய எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கிறேன்.

பழுப்புத்தாள்:

நண்பர் மைக்கூடு சொன்ன இரண்டாவது பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் சண்டை உண்மையில் அங்கேதான் நடக்கிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் செலின் 1937 முதல் 1941 வரை யூதர்களுக்கு எதிராக நஞ்சு கக்கும் மூன்று வெளியீடுகளை எழுதினார். போருக்குப் பிறகு அவரே அவற்றை மறுபதிப்புச் செய்ய விரும்பவில்லை. 1961இல் அவர் இறந்தார். அதன் பிறகு ஐம்பதாண்டுகளுக்கு மேலாக அவருடைய மனைவி லூசெத் அந்தத் தடையைக் காத்தார். 2017இன் இறுதியில், நூற்றைந்து வயதில், அவர் மனம் மாறி இசைவு தந்தபோது, கலிமார் பதிப்பகம் குறிப்புரைகளோடு கூடிய பதிப்பைத் திட்டமிட்டது. எழுந்த எதிர்ப்பைக் கண்டு 2018 ஜனவரியில் அதை நிறுத்திவைத்தது. லூசெத் 2019இல், நூற்றேழாம் வயதில் காலமானார்.

அவருடைய ஐம்பதாண்டு மறுப்பை நான் எளிதில் பாராட்ட மாட்டேன். அந்த வெளியீடுகள் பழைய புத்தகக் கடைகளிலும் பின்னர் இணையத்திலும் தேடுகிறவர்களுக்கு எப்போதும் கிடைத்தே வந்தன. கிடைக்காமல் போனவை குறிப்புரைகளும், வரலாற்றுச் சூழலை விளக்கும் முன்னுரையும்தான். இதற்கிடையே செலினின் நாவல்கள் மட்டும் வகுப்பறைகளில் இடம்பிடித்து, ஒரு பாதியை மறைத்த புகழ் வளர்ந்தது. வாரிசுகள் மறைத்துவைப்பதால் நஞ்சு குறைவதில்லை. அதை முறையாக ஆராய்வதற்கான வாய்ப்புதான் குறைகிறது.

கையெழுத்துப் படிகளின் கதையும் இதற்குப் பொருத்தமானது. 1944இல் செலின் பாரிஸை விட்டு ஓடியபோது அவருடைய வீட்டிலிருந்து ஆயிரக்கணக்கான பக்கங்கள் காணாமற்போயின. அவை பிற்காலத்தில் ஒரு பத்திரிகையாளரிடம் வந்து சேர்ந்தன; செலினின் மனைவி உயிரோடிருக்கும்வரை வெளியிடக் கூடாது, அவர் அதனால் செல்வம் பெறக் கூடாது என்பதே கொடுத்தவர் விதித்த நிபந்தனை. அந்தப் பத்திரிகையாளர் பல ஆண்டுகள் காத்திருந்தார்; லூசெத் இறந்த பிறகு செய்தியை வெளியிட்டார். 2022இல் அவற்றிலிருந்து ஒரு நாவல் அச்சாகிப் பெரும் விற்பனையும் கண்டது. இலக்கியத்தின் ஒரு பகுதி, ஒரு மூதாட்டி எப்போது இறப்பார் என்று பெட்டிக்குள் காத்துக்கிடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஒப்புவதில்லை. குற்றம் செய்தவரின் மீதான கோபத்தை அவருடைய மனைவியின் ஆயுளின் மீது எழுதிவைத்திருக்கிறார்கள்.

பிரான்சில் பதிப்புரிமை எழுத்தாளர் இறந்து எழுபது ஆண்டுகள்வரை நீடிக்கிறது. 2032 ஜனவரியில் செலின் எழுதி வெளியிட்ட அனைத்தும் பொதுவுடைமையாகிவிடும். அன்றைக்கு அந்த வெளியீடுகளை யார் வேண்டுமானாலும், எந்த முன்னுரையும் இல்லாமல், எந்த நோக்கத்துக்காகவும் அச்சிடலாம். உரிமை கையில் இருக்கும்போதே பொறுப்பான பதிப்பைக் கொண்டுவர வேண்டிய கடமை வாரிசுகளுக்கு உண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

தாழ்வாரம்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதில் எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. என் தாத்தா ஓர் எழுத்தாளர். பெயரைச் சொல்ல மாட்டேன், யூகிக்க முயலாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தன் நண்பர்களான வேறு எழுத்தாளர்களைப் பற்றி அவர் அதிகாரத்திலிருந்தவர்களுக்குத் தொடர்ந்து தகவல் எழுதிக் கொடுத்துவந்தார் என்பது, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, பழைய கோப்புகள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது வெளியே தெரிந்தது. எனக்கு அவர் மடியில் உட்காரவைத்துக் கதை சொன்னவர். இரண்டும் ஒரே மனிதர்தான் என்பதை ஏற்றுக்கொள்ளவே எங்கள் குடும்பத்துக்குப் பல காலம் பிடித்தது. என் தாயார் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எங்களைத் திட்டுகிறவர்கள் மிகவும் குறைவு. அதிகமாக வருகிறவர்கள் எங்களிடம் ஒரு தீர்ப்பை எதிர்பார்த்து வருகிறவர்கள். தாத்தாவைக் கைவிட்டுப் பேசினால் ஒரு சாரார் பாராட்டுவார்கள்; தாத்தாவைக் காத்துப் பேசினால் மற்றொரு சாரார் பாராட்டுவார்கள். ஒரு பதிப்பகத்தினர், கோப்புகள் பற்றி வாய் திறக்காத ஒரு முன்னுரையை நான் எழுதித் தந்தால் அவருடைய கதைகளை மறுபடியும் கொண்டுவருவதாகச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். என் தங்கையோ கணவர் வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டு, தன் பிள்ளைகளிடம் கொள்ளுத்தாத்தா எழுதியதே இல்லை என்பதுபோல் வாழ்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாட்டி விட்டுச்சென்ற பெட்டியில் தாத்தாவுக்கு வந்த கடிதங்கள் இருக்கின்றன. பல கடிதங்களில் சில வரிகள் கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டியெடுக்கப்பட்டிருக்கின்றன. தாளின் நடுவே நீளமான சன்னல்கள்போல வெற்றிடங்கள். எந்த வரிகளை வெட்டினார், ஏன் வெட்டினார் என்று கேட்க இப்போது யாரும் இல்லை. பாட்டிக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது என்பதற்கு அந்த வெற்றிடங்களைத் தவிர வேறு சான்றும் இல்லை.

தாத்தா காட்டிக்கொடுத்தவர்களில் ஒருவருடைய மகள் எனக்கு எழுதினார். நான் பதறிப்போனேன், மன்னிப்புக் கேட்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. தன் தந்தை எழுதிய கடிதங்கள் எங்கள் வீட்டில் இருந்தால் அவற்றின் படிகள் வேண்டும் என்றார், ஏனென்றால் சோதனையின்போது அவர்கள் வீட்டுத் தாள்கள் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டார்கள். தந்தையின் கையெழுத்து என்று அவரிடம் எதுவுமே இல்லை. நான் ஒவ்வொரு தாளையும் வெட்டுப்பட்ட இடங்களோடு ஸ்கேன் செய்து அனுப்பினேன். பிறகு மூலங்களையும் அவருக்கே அனுப்பினேன்.

நெடுவழி:

தாழ்வாரம் அவர்களுக்கு, எழுதியதற்கு நன்றி. நீங்கள் மூலங்களை அனுப்பியது சரியான செயல் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

உங்கள் பாட்டியைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கனடிய எழுத்தாளர் ஆலிஸ் மன்றோவின் குடும்பம் நினைவுக்கு வந்தது. மன்றோ 2024 மே மாதத்தில் இறந்தார். ஜூலை மாதத்தில் அவருடைய மகள் ஆண்ட்ரியா ராபின் ஸ்கின்னர், சிறுமியாக இருந்தபோது மாற்றாந்தந்தை தனக்கு இழைத்த பாலியல் கொடுமையையும், அது தெரிந்த பிறகும் தாய் அந்த மனிதரோடு வாழ்ந்ததையும் ஒரு நாளிதழில் எழுதினார். அந்த மனிதர் 2005இலேயே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். அதே ஆண்டில் வெளிவந்த மன்றோவின் வாழ்க்கை வரலாற்று நூலை எழுதியவருக்கும் ஆண்ட்ரியா தெரிவித்திருந்தார். அவர் அதைச் சேர்க்கவில்லை. எட்டாண்டுகள் கழித்து நோபல் பரிசு வந்தது.

நாம் இதுவரை பேசியதெல்லாம், இகழ்ச்சி மேலிருந்து கீழே இறங்கி வாரிசுகளின் தலையில் விழுவதைப் பற்றியே. இங்கே நடந்தது நேர்மாறானது. ஒரு வாரிசின் மௌனத்தைத் தூணாக நிறுத்தி அதன் மேல் புகழைக் கட்டியிருக்கிறார்கள். அவர் பேசியவுடன் வாசகர்கள் பலர், தங்களுக்குப் பிடித்த கதைகளை இனி எப்படிப் படிப்பது என்று வருந்தினார்கள். அந்த வருத்தம் உண்மையானதுதான், ஆனாலும் அது இரண்டாவது இடத்தில் இருக்க வேண்டிய வருத்தம். எழுத்தாளரின் பெயரைக் காக்க வேண்டியது குடும்பத்தின் கடமை என்ற எண்ணத்தை நாம் எத்தனை எளிதாகப் பிள்ளைகள்மேல் சுமத்துகிறோம் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று எனக்குத் தெரியாது.

கார்முகில்:

அப்படியானால் வாரிசுகள் மன்னிப்புக் கேட்பது பொருளற்றது என்கிறீர்களா? குழந்தை எழுத்தாளர் ரோல்ட் டாலின் குடும்பத்தினர் 2020இல் அவருடைய யூத வெறுப்புப் பேச்சுக்காக மன்னிப்புக் கேட்டார்களே, அது தேவையில்லாததா?

மைக்கூடு:

அதைப் பொருளற்றது என்று சொல்ல மாட்டேன். டால் அந்தச் சொற்களை 1983இல் ஒரு வார இதழுக்கு அளித்த பேட்டியில் பேசினார், 1990இல் இறந்தார். மன்னிப்பு முப்பதாண்டுகள் கழித்து, அவருடைய நூல்களை நிர்வகித்த குடும்ப நிறுவனத்தின் இணையதளத்தில் ஓசையின்றி வெளியாகி, பின்னர்தான் செய்தியாளர்கள் கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் நெட்ஃபிளிக்ஸுக்கு விற்கப்பட்டது. இந்த வரிசையை வைத்து அவர்களுடைய உள்ளத்தை அளக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அங்கே மன்னிப்புக் கேட்டவர்கள் வெறும் பேரப்பிள்ளைகள் அல்லர், அந்தப் பெயரிலிருந்து ராயல்டி பெற்று, அந்தப் பெயரை நிர்வகித்த உரிமையாளர்கள். அந்த நிலையில் அவர்கள் பேசியது முறையே. இன்னும் முன்பாகவும், எல்லோர் காதிலும் விழும்படியும் பேசியிருக்கலாம்.

அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டின் மகள் மேரி செய்ததை இதற்கு அருகில் வைத்துப் பாருங்கள். தந்தை முசோலினியின் வானொலியில் பேசியதை அவர் இல்லையென்று ஆக்கவில்லை; தந்தையின் கவிதையை மொழிபெயர்ப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். ஆனால் இத்தாலியில் ஒரு புதிய பாசிச இயக்கம் தந்தையின் பெயரைத் தன் பெயராகச் சூட்டிக்கொண்டபோது, எண்பத்தைந்து வயதைக் கடந்த நிலையில், அதைத் தடுக்க நீதிமன்றத்தை நாடினார். தந்தை ஏற்கெனவே செய்ததை அவரால் மாற்ற முடியாது. அந்தப் பெயரை வைத்து இன்று நடப்பதை எதிர்த்து நிற்க முடியும், நின்றார். மன்னிப்பு அறிக்கைகளைவிட இந்த வழக்குக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

வைல்டின் பிள்ளைகளுக்குத் தந்தையின் எழுத்துகளைப் பேணும் வாய்ப்புக் கிடைத்ததற்கும் ஒரு மனிதர் காரணம். நண்பர் ராபர்ட் ராஸ் வைல்டின் கடன்களை அடைத்து, 1906வாக்கில் நூல்களின் உரிமைகளை மீட்டு, வருவாய் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்படி செய்தார். பெயரை மறைத்து வளர்க்கப்பட்ட விவியன் பின்னாளில் தந்தையின் எழுத்துகளைப் பதிப்பிக்கிறவராக ஆனார். அவருடைய மகன் மெர்லினும் அதே வேலையைத் தொடர்ந்தார், இன்றும் ஹாலண்ட் என்ற பெயரிலேயே. 1895இல் வைல்டின் நூலகச் சீட்டை ரத்து செய்த வாசகசாலையின் வழிவந்த பிரிட்டிஷ் நூலகம், 2025 அக்டோபரில் அதைப் புதுப்பித்து இந்தப் பேரனின் கையில் கொடுத்தது. நூற்றிமுப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பெற்றுக்கொள்ள ஒருவர் இருந்தார் என்பதற்காக நான் மகிழ்கிறேன்.

பழுப்புத்தாள்:

தாழ்வாரம் அவர்களிடம் ஒன்று கேட்கலாமா? அந்தக் கதைகளை இனி பதிப்பிக்கவே மாட்டீர்களா? உரிமை உங்கள் குடும்பத்திடம் இருக்கும் காலத்தில் நீங்கள் செய்யாவிட்டால், பிறகு முன்னுரையில் மௌனம் காக்கச் சொன்ன அதே பதிப்பகத்தினர் செய்வார்கள்.

தாழ்வாரம்:

பதிப்பிக்கத்தான் போகிறேன், அதற்கு என் தாயாரின் இசைவு வேண்டும், உரிமை அவருடையது. கதைகள் ஒரு பகுதியாகவும், கோப்புகளில் அவருடைய கையெழுத்தில் இருக்கும் தகவல் குறிப்புகள் மற்றொரு பகுதியாகவும் ஒரே நூலாக வர வேண்டும் என்பது என் நிபந்தனை. அந்தக் குறிப்புகளும் அவருடைய உரைநடைதான். வருத்தம் என்னவென்றால், அவற்றிலும் அதே கைத்தேர்ச்சி தெரிகிறது. குறிப்புகளில் பெயர் வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுதி, அந்தப் பக்கங்களை அச்சிடலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு குடும்பத்தினர் வேண்டாம் என்றார்கள். அந்தப் பக்கங்கள் வராது. கடிதங்களைப் பெற்றுக்கொண்ட அந்த அம்மையார், தன் தந்தையைப் பற்றிய குறிப்பை முழுமையாக அச்சிடும்படியும், அதற்கு எதிர்ப்பக்கத்தில் தன் தந்தை தாத்தாவுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தைச் சேர்க்கும்படியும் கேட்டிருக்கிறார். என் தாயார் அந்தக் கடிதத்தை இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர் முடிவைச் சொல்லும்வரை நான் அவசரப்படுத்தப்போவதில்லை.